வளைகளை அறிந்த கைகள்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் கண்டு மகிழ்ந்து, மாலைப்பொழுதிலேயே ஊர் திரும்பிவிடுவது நம் குடும்பங்களின் வழக்கம். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் சதுரங்கப்பட்டினம் வரும். அருகிலுள்ள கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் பெயர் நாடெங்கும் பரவிவிட்டபடியால், இப்பழம்பதியின் பெயரை இன்று நினைப்பவர் சிலரே. ஆனால் ஐரோப்பிய வணிகர்கள் இதனைச் ‘சட்ராஸ்’ என்று தம் நாவுக்கேற்ப அழைத்து, இங்கு நெய்யப்பட்ட மெல்லிய மஸ்லின் துணிக்காகக் கடல் கடந்து வந்த காலம் ஒன்றிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இங்கே தளம் அமைத்துச் செங்கற்கோட்டை எழுப்பினர். 1782-ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் இவ்வூர்க் கடலில்தான் மோதின.

அறுவடைக் காலமாகிய தை மாதத்தில் நாம் அங்கே சென்றிருந்தோம். கடலை நோக்கிய கோட்டை வாயிலும், அதனுள்ளே அழகிய வேலைப்பாடுகளுடன் கூடிய டச்சுக்காரரின் கல்லறைகளும், வளைந்த கூரையுடைய பண்டகசாலையும் நம் கருத்தைக் கவர்ந்தன. இந்தியத் தொல்லியல் துறை இவற்றைப் பேணி வருகிறது. 200 ஆண்டுகளுக்கு முன் ஆண்டு மறைந்தவர்களின் நினைவைக் கல் காத்து நிற்கிறது.

அந்தப் பண்டகசாலையில் நின்றபோது நமக்கு வேறொரு நினைவு எழுந்தது. நெல் சேரும் இடத்தில் எலி சேரும். எலி சேரும் இடத்தில் அதனைப் பிடிக்கத் தெரிந்த மனிதரும் தேவைப்படுவர். கோட்டை கட்டியோர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அப்படிப்பட்ட மனிதர் இம்மண்ணில் வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் கல்லறை எழுப்பவில்லை, ஏடும் எழுதவில்லை. அவர்களுடைய கலை கைகளிலும் கண்களிலும் மட்டுமே இருந்தது. அக்கலை நம் கண்முன்னே மறைந்து வருகிறது. மண்ணையும் விலங்கையும் அறிந்து பொறிவைத்துப் பிடிக்கும் அந்தப் பழங்கலையைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

வயலும் வளையும்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மேற்கே திரும்பினால் சவுக்குத் தோப்புகளும், பக்கிங்காம் கால்வாயும், அதற்கப்பால் நெல் வயல்களும் விரிகின்றன. தெற்கே பாலாறு கடலோடு கலக்கிறது. இப்பகுதியிலும் செங்கற்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் வட்டாரங்களிலும் இருளர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அவர்களது எண்ணிக்கை ஏறத்தாழ 1,90,000. மிகவும் நலிவடைந்த நிலையிலுள்ள பழங்குடியினர் என்று அரசு வகுத்துள்ள பட்டியலில் அவர்களும் உள்ளனர்.

அறுவடை முடிந்த வயலில் வரப்பைப் பார்த்து நடக்கும் இருளர் ஒருவருக்கு, நாம் காணாத செய்திகள் பல அங்கே எழுதப்பட்டிருக்கும். வளையின் வாயில் புதுமண் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே எலி குடியிருக்கிறது. மண் காய்ந்து சிலந்தி வலை படர்ந்திருந்தால் அது பாழடைந்த வீடு. எச்சத்தைப் பார்த்தால் வயலெலியா, பெருச்சாளியா என்று தெரியும். வளையின் ஓரம் வழவழப்பாக இருந்தாலோ, சட்டையுரித்த தோல் அருகில் கிடந்தாலோ, எலியைத் தேடி வந்த பாம்பு உள்ளே குடியேறியிருக்கலாம் என்ற எச்சரிக்கை கிடைக்கும். படிப்பறிவில்லாதவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தரையைப் படிப்பதில் அவர்கள் பெரும் புலவர்களாகவே விளங்கினர்.

பிடிக்கும் முறையும் எளியதே. ஒரு மண்பானையின் அடியில் சிறு துளையிடுவர். பானைக்குள் வைக்கோலும் சருகும் திணித்து நெருப்பிடுவர். பானையின் வாயை வளையின் வாயோடு பொருத்தி, சுற்றிலும் மண் பூசி அடைத்து, அடித்துளையின் வழியே வாயால் ஊதுவர். புகை நிலத்தடியில் பரவும். எலி தப்புவதற்கென வைத்திருக்கும் மறுவழிகளில் எங்கெங்கே புகை கசிகிறது என்று பார்த்து, அவற்றையும் மண்ணால் மூடுவர். பின்னர் கடப்பாரையால் தோண்டி மயங்கிய எலிகளை எடுப்பர். வளையின் உள்ளறையில் எலி வெட்டிச் சேர்த்துவைத்த நெற்கதிர்களும் கிடைக்கும். எலி உணவாகும், நெல் கஞ்சியாகும். நிலக்காரருக்கோ அடுத்த பருவத்துக்குப் பகை குறையும்.

இதனைக் கேட்கும்போது இன்பமாயிருக்கிறது. ஆனால் நெருங்கிப் பார்த்தால் துன்பமும் தெரிகிறது. புகையை ஊதுபவர் தாமும் அதனைச் சுவாசிக்கிறார். உதடும் கையும் சுடும். நாளடைவில் நெஞ்சு கெடும். உள்ளே நாகம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. இத்துன்பத்தைக் குறைக்கும் நோக்குடன், கையால் சுழற்றும் காற்றூதியுடன் கூடிய இரும்புப் புகைக்கலம் ஒன்று இருளர்க்கென உருவாக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டு உலக வங்கி நடத்திய புத்தாக்கப் போட்டியில் அத்திட்டம் பரிசும் உதவியும் பெற்றது. பழைய கலையை ஒழிக்காமல் அதிலுள்ள துன்பத்தை மட்டும் நீக்க முயன்றது அம்முயற்சியின் சிறப்பு.

மூங்கில் வில்

எலி பிடிப்பதில் தமிழகத்தின் மற்றொரு கைவண்ணம் ‘தஞ்சாவூர்க் கிட்டி’. மூங்கிற் பட்டையை வில்லைப்போல் வளைத்து, கயிற்றால் சுருக்கு அமைத்து, நடுவே பொரியோ நெல்லோ வைத்துவிடுவர். இரையைத் தொட்ட நொடியில் வில் நிமிரும், சுருக்கு இறுகும். மாலையில் வயலெங்கும் கிட்டிகளை நட்டு, விடியலில் வந்து எடுத்துச் செல்லும் கூலியாட்கள் காவிரிப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று வந்தனர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெற்பயிர்ப் பாதுகாப்புக்குத் தரும் அறிவுரைகளில், ஆந்தைகள் வந்தமர நடும் தாங்கிகளோடு இந்தக் கிட்டியும் இடம் பெறுகிறது.

எலியை ஒழிக்க நஞ்சு போதாதோ என்று கேட்கலாம். துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையை ஒருமுறை சிறிதளவு தின்று பிழைத்த எலி, மறுமுறை அதனைத் தொடுவதில்லை. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தைக்கும் கேடு வருகிறது. அந்த ஆந்தையோ உழவனின் கூலி கேளாத காவலன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையோ வீடுகளுக்குள்ளேயே பேரிடர் விளைத்தது. அது உடலில் சென்றால் ஈரலைக் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. அத்தகைய பொருள் குழந்தைகள் கைக்கெட்டும் அலமாரியில் இருந்ததை எண்ணினால், மூங்கில் வில்லின் அருமை நமக்கு விளங்கும். கிட்டி எலியை மட்டுமே பிடிக்கும், வீட்டிலுள்ளோரைத் தொடாது.

நரியின் பின்னே

மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள பூஞ்சேரியில் இருளரோடு நரிக்குறவரும் குடியிருக்கின்றனர். கோயில் வாயில்களில் பாசிமணி விற்கும் இவர்களைக் காணாத யாத்திரிகர் இல்லை. ஆனால் இவர்களது பெயரிலேயே இவர்களுடைய பழைய தொழில் பதிந்துள்ளதைச் சிந்திப்பவர் குறைவு. வடநாட்டு மொழிகளோடு உறவுடைய வாக்ரிபோலி என்னும் மொழியைத் தமக்குள் பேசும் இம்மக்கள், நரி பிடிப்பதில் தேர்ந்தவர்கள். எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கில அதிகாரி 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில், குருவிக்காரர் என்ற பெயரில் இவர்களது வேட்டையைப் பதிந்துள்ளார். நரியைப்போலவே ஊளையிட்டு, அக்குரலை நம்பி வரும் நரிகளை வலையில் சிக்கவைப்பது இவர்களது திறம். நரித்தோலும், ‘நரிக்கொம்பு’ என்று நம்பி மக்கள் வாங்கிய தாயத்தும் விற்பனைக்கு வந்தன. நரிக்குக் கொம்பு கிடையாது என்பதை நம் இல்லச் சிறுவர்களும் அறிவர். அறிந்தும் வாங்கியவர்கள் இருந்தபடியால் அந்த வாணிகம் நெடுநாள் நடந்தது.

நரியைப் பிடிப்பது பிழைப்பாக அன்றி, விழாவாகவே நிகழ்ந்த இடமும் தமிழகத்தில் உண்டு. சேலம் மாவட்டத்து வாழப்பாடியைச் சுற்றியுள்ள சின்னமநாயக்கன்பாளையம் போன்ற சிற்றூர்களில், பொங்கலை ஒட்டி ‘வங்காநரி ஜல்லிக்கட்டு’ என்ற வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. ஊரார் கூடிக் காட்டுக்குச் சென்று வலைவிரித்து, குள்ளநரியிலும் சிறியதான வங்காநரி ஒன்றைப் பிடித்து வருவர். அதனைக் கோயில் திடலில் ஓடவிட்டு அனைவரும் காண்பர். நரி முகத்தில் விழித்தால் அவ்வாண்டு மழையும் விளைச்சலும் செழிக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. பின்னர் அதனைக் காட்டிலேயே விட்டுவிடுவர். கொல்லாமல் விடுவதனால் குற்றமில்லை என்று ஊரார் கருதினர். ஆனால் கயிறு கட்டிய சிறு விலங்குக்கு ஆரவாரிக்கும் கூட்டத்தின் நடுவே ஏற்படும் அச்சம் சிறிதன்று. சட்டமும் அதனை ஏற்கவில்லை. வனத்துறையினர் எச்சரித்தும் அபராதம் விதித்தும் வந்தமையால் அவ்வழக்கம் தளர்ந்துபோயிற்று.

பனி நாட்டின் வாணிகம்

உரோமம் உடைய விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பது உலகின் வேறொரு பகுதியில் பேரரசுகளையே உருவாக்கிற்று. டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் துணி வாங்கிய அதே நூற்றாண்டில், வட அமெரிக்காவின் பனிக்காடுகளில் ஐரோப்பியர் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலைத் தேடினர். ஐரோப்பியச் செல்வரின் தொப்பிகள் அதன் உரோமத்தால் செய்யப்பட்டன. இதற்கென 1670-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ஹட்சன்ஸ் பே நிறுவனம், இன்றைய கனடாவின் பெரும்பகுதியில் ஓர் அரசைப் போலவே அதிகாரம் செலுத்திற்று. 350 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்நிறுவனத்தின் கடைகள் அனைத்தும் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டன.

அங்கும் இக்கலை தேய்ந்து வருகிறது. உரோமத்தின் விலை விழுந்தது. உடுத்துவோரின் மனமும் மாறிற்று. விலங்கின் காலைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பற்பொறி கொடியது என்று உணர்ந்து, இங்கிலாந்து 1958-இல் அதனைத் தடை செய்தது; ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 1991-இல் தடைக்கான விதியை இயற்றிற்று. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பொறிவைப்போருள் பலர் அதனை ஒரு பொழுதுபோக்காகவே மேற்கொள்கின்றனர். தந்தை மகனோடு பனியில் நடந்து, தடங்களைக் காட்டிக்கொடுக்கும் மரபாக அதனைப் போற்றுவோரும் உண்டு. ஆயினும் அவர்களுக்கு வேறு வேலையும் வருவாயும் உள்ளன. பொறியில் ஏதும் சிக்காவிடினும் அன்றிரவு அடுப்பெரியும். நம் கடற்கரையில் பொறிவைத்தவருக்கு அது ஒருபோதும் பொழுதுபோக்காயிருந்ததில்லை.

உரோமத்துக்காகக் கொல்வது பனி நாட்டாரின் பழக்கம் மட்டுமே என்று நாம் எண்ணியிருக்கத் தேவையில்லை. நம் பிள்ளைகள் படம் வரையும் தூரிகைகளுள் சில, கீரியின் வால் உரோமத்தால் செய்யப்பட்டு விற்கப்பட்டு வந்தன. ஒரு கீரியிடமிருந்து கிடைக்கும் உரோமம் மிகச் சிறிதளவே. ஆகவே தூரிகைகளுக்காகக் கண்ணியில் வீழ்ந்த கீரிகள் எண்ணற்றவை. சட்டம் தடுத்த பின்னரும் மறைவாக அந்த வாணிகம் நடந்து வருவதை அதிகாரிகளின் சோதனைகள் காட்டியுள்ளன. கீரி உரோமத் தூரிகையை விலக்கி, செயற்கை இழையால் ஆனதை வாங்குவது நம் இல்லத்திலிருந்தே தொடங்கத்தக்க நற்செயல்.

சட்டமும் வயிறும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்திய வரலாற்றில் ஒரு திருப்பம். நரி, கீரி, உடும்பு, காட்டுப்பூனை முதலியவை அதன் காவலுக்குள் வந்தன. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் பழைய வழியையும் அடைத்துவிட்டது. எலிகள், சுண்டெலிகள் முதலியவை தீங்கு செய்யும் உயிர்கள் என்று தனிப்பட்டியலில் வைக்கப்பட்டிருந்தன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்பட்டியலும் நீக்கப்பட்டு, தேவை நேரும்போது அறிவிக்கை வழியாக அவ்வாறு அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் விடப்பட்டது.

இச்சட்டம் தேவையானதே. காடு குறைந்து வேட்டை பெருகினால் எந்த விலங்கும் எஞ்சாது. எனினும் சட்டத்தின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக விழவில்லை. மகிழ்ச்சிக்காகத் துப்பாக்கி ஏந்திய செல்வர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு இன்பம் தேடிக்கொண்டார். பசிக்காகக் கண்ணி வைத்தவருக்கு அதற்கு ஈடாக எதுவும் தரப்படவில்லை. நரிக்குறவர் பாசிமணிக்குத் திரும்பினர். இருளர்களுள் பலர் அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணம் பெற்று, அக்கடனைத் தீர்க்க இயலாமல் குடும்பத்தோடு அடைபட்டனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பின்னரும் அவர்களை மீட்கும் பணி அதிகாரிகளுக்குத் தொடர்ந்து இருந்து வந்துள்ளது. காட்டிலே எந்த விலங்கையும் கண்ணியில் வீழ்த்தத் தெரிந்தவர், கடன் என்னும் கண்ணியைக் காணத் தெரியாமல் போயினர்.

பானைக்குள் பாம்பு

இருட்டையே சொல்லிக்கொண்டிராமல், இக்கடற்கரையிலேயே ஏற்றப்பட்ட ஒரு விளக்கையும் காண்போம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, சென்னை செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி உள்ளது. ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் 1976-இல் நிறுவிய முதலைப் பண்ணை அங்கிருக்கிறது. அதன் வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது.

இதன் பின்னணி கவனிக்கத்தக்கது. ஒரு காலத்தில் இருளர் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றனர். கைப்பைக்கும் காலணிக்கும் எனப் பெருவாரியான பாம்புத்தோல்கள் வெளிநாடு சென்றன. 1976-இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டபோது இருளர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. அப்போது எழுந்த எண்ணமே இச்சங்கம். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, அதன் நஞ்சை எடுத்து, பாம்புக்கடிக்கு மருந்து செய்வோருக்கு விற்கலாமே என்று கருதி, 1978-இல் சங்கத்தைப் பதிவு செய்தனர். உறுப்பினர் இருளரே, உழைப்பும் அவர்களுடையதே.

வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வருவர். ஒவ்வொன்றையும் மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பர். சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு நான்கு முறை நஞ்செடுப்பர். அதே பாம்பு உடனே மீண்டும் பிடிபடாதிருக்க, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் இட்டுக் காட்டிலே விட்டுவிடுவர். எலியைப் பிடிக்கப் புகை நிரப்பிய அதே பானை, இங்கே பாம்பைக் காக்கும் கூடாகிவிட்டது. தடம் பார்க்கும் கண் மாறவில்லை. கையின் விரைவு மாறவில்லை. அவற்றின் பயன் மட்டும் மாறிற்று.

அந்தப் பயன் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாட்டுப்புற உழவர் குடும்பத்தினர். நஞ்சுமுறிவு மருந்து இல்லையேல் இத்தொகை இன்னும் எவ்வளவு கூடியிருக்கும்! அம்மருந்து செய்ய நாட்டுக்குத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகத் தந்து வந்தவை இந்த இருளர் கைகளே. நள்ளிரவில் அரசு மருத்துவமனையில் பிழைத்தெழும் ஒரு குழந்தைக்கும், வரப்பில் குனிந்து தடம் பார்த்த ஒரு மனிதருக்கும் இடையே இப்படியோர் உறவு இருப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

கடல் கடந்த புகழ்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் தப்பிப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சிறு விலங்குகளை விழுங்கி வருகின்றன. 2016-இல் அங்கே அறிவிக்கப்பட்ட ஒரு வேட்டைப் போட்டியில் 1,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டு, ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தனர். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புளோரிடா வனவிலங்குத் துறையும் பல்கலைக்கழகமும் செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரை அழைத்தன. முதல் எட்டு நாட்களிலேயே அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுடைய பெண் பாம்பு. சாலையில் வண்டியோட்டித் தேடிய பொழுதுபோக்கு வேட்டைக்காரர் காணாததை, புதருக்குள் நடந்து எச்சத்தையும் உராய்ந்த தடத்தையும் பார்த்தவர்கள் கண்டனர். 2023-இல் இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இதுகாறும் சொல்லிவந்த பொருளின் சாரம் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. கருவியும் வண்டியும் பரிசுத் தொகையும் இருந்தால் வேட்டையாளர் ஆயிரம் பேர் திரளலாம். மண்ணைப் படிக்கும் அறிவோ தாத்தாவின் பின்னே நடந்த பேரன் ஒருவனுக்கே வாய்க்கும். அதனை விலைகொடுத்து வாங்க இயலாது. அந்த நடை நின்றுவிட்டால், ஒரு தலைமுறையிலேயே அவ்வறிவு மறைந்துவிடும்.

எதைக் காப்பது?

நடை நின்றுதான் வருகிறது. இருளர் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர், செல்லவே வேண்டும். வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. கடற்கரைச் சாலையின் இருபுறமும் விடுதிகள் எழுகின்றன. வளையைத் தேடிச் செல்ல வரப்பே இல்லாத இடங்கள் பெருகிவிட்டன. எலிக்கறி உண்பவர் என்று ஏளனம் செய்யப்படும் ஒரு சிறுவன், பாட்டன் கற்றுத்தந்ததை வெளியே சொல்ல வெட்கப்படுகிறான். ஒரு கலை அழியப் பஞ்சம் தேவையில்லை, வெட்கமே போதும்.

ஆனால் பழமையைக் காப்பது என்ற பெயரில் ஒரு குடும்பத்தைப் புகையிலும் பசியிலும் நிறுத்திவைப்பதும் முறையாகாது. வேட்டை மரபு அழகானது என்று மாமல்லபுரத்து விடுதியின் நிழலில் அமர்ந்து புகழ்வது எளிது. அந்த மரபுக்குள் பிறந்த தாய், தன் மகள் செவிலியாகவோ ஆசிரியையாகவோ வரவேண்டும் என்றே விரும்புவாள். அவ்விருப்பத்துக்கு முன்னே நம் இரசனை தலைகுனிய வேண்டும்.

ஆகவே காக்கத்தக்கது எது, விடத்தக்கது எது என்று பிரித்தறிதல் நலம். நரிக்குக் கட்டும் கயிறும், கீரிக்கு வைக்கும் கண்ணியும், காலைக் கவ்வும் இரும்புப் பற்களும் போகட்டும். தடம் அறியும் கண்ணும், அளவறிந்து எடுக்கும் அடக்கமும், பிடித்ததை மீண்டும் விட்டுவிடும் பெருந்தன்மையும் நிற்கட்டும். அவை நிற்பதற்கு உரிய கூலியும் உரிய மதிப்பும் வேண்டும். அத்திசையில் சில அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக முதலமைச்சர் பூஞ்சேரிக்கு நேரில் வந்து இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்கள் வழங்கினார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒரு மனிதருக்கு முகவரியும் சான்றிதழும் கிடைத்தால், அவர் பிள்ளைக்குப் பள்ளியின் கதவு எளிதாகத் திறக்கும்.

இம்மக்களைக் காண விரும்புவோர் மாசி மகத்தன்று மாமல்லபுரம் செல்லலாம். அன்று முழுநிலவின்கீழ் பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் கடற்கரையில் வந்து கூடுகின்றன. சேலைகளையே சுவராகக் கட்டித் தற்காலிகக் குடில்கள் அமைத்து இரவைக் கழிக்கின்றனர். விடியற்காலையில் கடலோர மணலில் சிறு மேடைகள் செய்து, பூவும் பழமும் வைத்துத் தம் கன்னியம்மனை வணங்குகின்றனர். திருமணங்கள் நடக்கின்றன, பெண் பார்த்தலும் பேசி முடித்தலும் நிகழ்கின்றன, பிள்ளைகளுக்கு முதல் முடி எடுக்கின்றனர். ஆண்டு முழுவதும் ஆலைகளிலும் தோப்புகளிலும் சிதறிக் கிடக்கும் ஓர் இனம், அன்று ஒருநாள் தன்னைத் தானே கண்டுகொள்கிறது. நாம் செல்வதாயின், கேளிக்கை காண்பவர்களாக அன்றி, விருந்தினராகச் செல்ல வேண்டும். கேளாமல் புகைப்படம் எடுத்தல் கூடாது.

அதுவும் இயலாதவர்கள் தத்தம் ஊரிலேயே செய்யத்தக்கவை உண்டு. நிலம் வைத்திருப்போர் எலி பெருகும் பருவத்தில் நஞ்சை நாடுமுன், அருகில் வாழும் இருளரையோ கிட்டி வைப்போரையோ அழைத்து நியாயமான கூலி தரலாம். வீட்டில் பாம்பு புகுந்தால் தடியெடுக்காமல், பிடிக்கத் தெரிந்தவரை வரவழைக்கலாம். பாம்பு கடித்தால் மந்திரத்தையும் பச்சிலையையும் நம்பிப் பொழுதைப் போக்காமல், கடிபட்டவரை அசையாதபடி அமைதியாக வைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். அங்கே அவர்கள் தந்த நஞ்சிலிருந்து செய்த மருந்து காத்திருக்கும். பள்ளியில் நம் பிள்ளைக்கு அருகே ஓர் இருளர் பிள்ளை அமர்ந்திருந்தால், அவன் பாட்டன் எத்தகைய அறிவுடையவர் என்பதை நம் பிள்ளைக்குச் சொல்லிவைப்போம். அச்சிறுவன் தன் வீட்டை எண்ணி வெட்கப்படாமல் இருக்க அதுவே முதல் உதவியாகும்.